கண்காணிப்புக் கிணற்று முடிவுகள் சுற்றுக்குச் சுற்று முரண்படுகின்றன: குறை நீரிலா, கிணற்றிலா?

சாலாக்_களப்பணி

அனைவருக்கும் வணக்கம். கோலாலம்பூரில் சாலாக் செலாத்தானுக்கு அருகே, முன்பு ஈயக்குட்டையாக (வெள்ளீயம் தோண்டிய சுரங்கக் குட்டையாக) இருந்து பிறகு மூடப்பட்ட நிலத்தில் பல ஆண்டுகள் ஒரு பேருந்துப் பணிமனை இயங்கி வந்தது. அந்த நிலம் இப்போது கைமாற இருக்கிறது. தரைக்கடியில் எரிபொருள் தொட்டிகள் இருந்த இடம் என்பதால், நிலத்தடி நீரின் நிலையை அறிந்த பிறகே பணம் கொடுப்பேன் என்று வாங்குபவர் சொல்லிவிட்டார். முன்பிருந்த ஆலோசகர் நான்கு கண்காணிப்புக் கிணறுகளை அமைத்து, நவம்பரில் முதல் சுற்று மாதிரிகளை எடுத்துவிட்டு விலகிக்கொண்டார். ஜூலையில் இரண்டாம் சுற்றை நாங்கள் எடுத்தோம்.

நான்கு கிணறுகளுமே 9 மீட்டர் ஆழம்; 150 மி.மீ. துளைக்குள் 50 மி.மீ. பி.வி.சி. குழாய், 3 மீட்டரிலிருந்து அடிவரை ஸ்கிரீன் (நீர் உள்ளே வர நுண்பிளவுகள் வெட்டிய குழாய்ப் பகுதி). முதல் கிணறு பழைய தொட்டிகளை ஒட்டி இருக்கிறது. நவம்பரில் அதில் பென்சீன் (எரிபொருளில் உள்ள நச்சுப் பொருள்) கண்டறியும் அளவுக்குக்கூட இல்லை. ஜூலையில் லிட்டருக்கு 0.6 மில்லிகிராம். இரண்டாம் கிணற்றில் இரண்டு சுற்றுகளிலும் காரீயம், ஆர்சனிக், இரும்பு எல்லாம் மிக உயர்வாக இருந்தன. ஆனால் இரண்டு சுற்று எண்களுக்கும் இடையே எந்தப் பொருத்தமும் இல்லை. மூன்றாம் கிணற்றில் பி.எச். (7-க்கு மேல் ஏற ஏறக் காரம்) 11.6. நான்காவது, நிலத்தின் மேட்டுப் பகுதியில் இருப்பது, ஓரளவு ஒழுங்காக இருக்கிறது.

ஆய்வுக்கூடத்தை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார் நில உரிமையாளர். மூன்றாம் சுற்று எடுப்பதா, கிணறுகளையே சந்தேகிப்பதா என்று தெரியாமல் நிற்கிறேன். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

கெப்போங்_துளைப்பாளர்

தம்பி, ஆய்வுக்கூட அறிக்கையைக் கொஞ்ச நேரம் மூடி வைத்துவிட்டு, துளைப்புப் பதிவேட்டை எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு கிணற்றுக்கும் ஸ்கிரீனைச் சுற்றி எத்தனை மூட்டை மணல் போட்டார்கள், அதன்மேல் அடைப்பாக எவ்வளவு பெண்டோனைட் (நீர் பட்டால் உப்பி அடைத்துக்கொள்ளும் களிமண்), அதற்கும் மேலே எத்தனை லிட்டர் சிமெண்டுக் குழம்பு என்று அதில் இருக்க வேண்டும். இருந்தால் கிணற்றின் பாதிக் கதை அதிலேயே தெரிந்துவிடும்.

கணக்கு எளிது. 150 மி.மீ. துளைக்கும், வெளிவிட்டம் 60 மி.மீ. கொண்ட குழாய்க்கும் இடையிலான வெளி, ஒரு மீட்டர் உயரத்துக்குச் சுமார் 15 லிட்டர் கொள்ளும். 25 கிலோ மூட்டை மணலும் ஏறக்குறைய அதே அளவை நிரப்பும். எனவே மீட்டருக்கு ஒரு மூட்டை என்று வைத்துக்கொள்ளலாம். உங்கள் ஸ்கிரீன் 6 மீட்டர். அதற்கு மேலும் 60 செ.மீ. மணல் நிற்க வேண்டும். ஆகவே ஆறரை மூட்டை போயிருக்க வேண்டும். அதைவிடக் குறைந்திருந்தால் துளை இடிந்து மண் குழாயைக் கட்டிக்கொண்டது என்று பொருள். மிகவும் கூடியிருந்தால் மணல் எங்கேயோ போய்விட்டது என்று பொருள். கோலாலம்பூரில் அது எங்கே போகும் என்று சொல்லத் தேவையில்லை: அடியிலுள்ள சுண்ணாம்புப் பாறையின் வெற்றிடங்களுக்குள்தான்.

சாலாக்_களப்பணி

ஐயா, பதிவேடு கிடைத்தது. முதல், நான்காம் கிணறுகளில் ஏழு மூட்டைகள். இரண்டாம் கிணற்றில் மூன்று மூட்டை மட்டுமே. 2 மீட்டரிலிருந்து அடிவரை ‘மிக மென்மையான சாம்பல் நிறச் சேறு’ என்று எழுதியிருக்கிறார்கள். மூன்றாம் கிணற்றில் 7.2 மீட்டரில் சுண்ணாம்புப் பாறை தட்டியிருக்கிறது. ‘8 மீட்டரில் துளைப்பு நீர் திரும்பி வரவில்லை’ என்று குறிப்பு உள்ளது. அதில் பதினொரு மூட்டை மணல், அரை வாளி பெண்டோனைட் உருண்டைகள், சுமார் 200 லிட்டர் சிமெண்டுக் குழம்பு. எல்லாமே ஒரே நாளில் முடிக்கப்பட்டிருக்கின்றன.

கெப்போங்_துளைப்பாளர்

அப்படியானால் இரண்டாம், மூன்றாம் கிணறுகள் இரண்டையும் பற்றிப் பேசலாம்.

இரண்டாம் கிணறு சேற்றுப் படிவில் இருக்கிறது. ஈயம் கழுவிய காலத்தில் மணல் ஒரு பக்கம் தங்கிவிட, நுண்ணிய களிச்சேறு மட்டும் தாழ்ந்த இடங்களில் போய்ப் படிந்தது. ஆகவே ஒரே நிலத்தில் பத்து அடி தள்ளினால் மண் மாறிவிடும். அந்தச் சேற்றில் துளை போட்டால் சுவர் நிற்காது. வெளிக்குழாயை இறக்கிக்கொண்டே போக வேண்டும். பிறகு மணலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, நாடாவை இறக்கி மணல் எதுவரை ஏறியிருக்கிறது என்று அளந்து, அதன் பிறகே வெளிக்குழாயை அரையடி, ஒரு அடி என்று உயர்த்த வேண்டும். அவசரக்காரர்கள் வெளிக்குழாயை ஒரே இழுப்பில் உருவிவிட்டு மணலைக் கொட்டுவார்கள். மணல் இறங்குமுன் சேறு நெருக்கிவிடும். மூன்று மூட்டைக் கணக்கு அதைத்தான் சொல்கிறது. உங்கள் ஸ்கிரீனில் பாதிக்கு மேல் வடிமணலே இல்லை. சேறு நேரடியாகப் பிளவுகளில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. அந்தக் கிணற்றை எவ்வளவு இறைத்தாலும் தெளியாது.

மூன்றாவது வேறு வகை. 8 மீட்டரில் நீர் திரும்பவில்லை என்றால் அங்கே பாறைக்குள் ஒரு வெற்றிடம் அல்லது வெடிப்பு இருக்கிறது. பதினொரு மூட்டை போட்டு மணலை மேலே கொண்டுவந்திருக்கிறார்கள். ஆனால் அந்த மணல் அன்றிரவே மெல்ல வெற்றிடத்துக்குள் சரிந்திருக்கும். மேலே இருந்த பெண்டோனைட் அரை வாளிதான். அது ஊறிப் பிடிக்கவும் நேரம் கொடுக்கவில்லை. அடியில் மணல் இறங்கியதும் பெண்டோனைட் அடைப்பு உடைந்து, அதன்மேல் ஊற்றிய சிமெண்டுக் குழம்பு ஸ்கிரீன் வரை வழிந்திருக்கும். அந்தக் குழம்பு இருக்க வேண்டிய இடத்தின் கொள்ளளவு 30 லிட்டருக்குச் சற்றுக் கூடுதல். போயிருப்பதோ 200 லிட்டர்!

இப்படிப்பட்ட இடத்தில் நான் செய்வது இதுதான்: வெற்றிடம் தட்டியவுடன் துளைப்பதை நிறுத்தி, அடிப்பகுதியைப் பெண்டோனைட்டால் அடைத்துவிட்டு, பாறைக்கு மேலே உள்ள மண்ணில் மட்டும் கிணற்றை அமைப்பேன். பாறை நீரும் வேண்டுமென்றால் அதற்குத் தனித் துளை. மேல்மண் நீரையும் பாறை நீரையும் ஒரே குழாயில் இணைத்துவிட்டால், மேலே இருக்கும் மாசு கீழே இறங்க நாமே வழி போட்டுக் கொடுத்ததாகிவிடும்.

அம்பாங்_மண்ணியல்

மூன்றாம் கிணற்றைப் பற்றி இவ்வளவு உறுதியாகச் சொல்ல வேண்டுமா? கிணறு நேரடியாகச் சுண்ணாம்புப் பாறையில் இறங்கியிருக்கிறது. சுண்ணாம்பில் ஊறிய நீர் காரத்தன்மையோடு இருப்பது இயல்புதானே? பி.எச். கூடுதலாக இருப்பதற்கு அதுவே போதுமான காரணமாகத் தெரிகிறது.

ஆய்வுக்கூடத்து_அக்கா

போதாது. வீட்டுச் சுவருக்கு அடிக்கும் சுண்ணாம்பும் பாறைச் சுண்ணாம்பும் வேதியியலில் வேறு வேறு பொருள்கள். பாறை என்பது கால்சியம் கார்பனேட். அதோடு நெடுநாள் இருந்த நிலத்தடி நீரின் பி.எச். வழக்கமாக 7-க்கும் 8.3-க்கும் இடையில்தான் இருக்கும். பி.எச். 11-ஐத் தாண்ட வேண்டுமென்றால் கால்சியம் ஹைட்ராக்சைடு வேண்டும். சிமெண்டு இறுகும்போது வெளிவருவது அதுதான். அது நிறைவுற்ற நீரின் பி.எச். 12.4 அளவில் நிற்கும். 11.6 என்பது சிமெண்டின் கைரேகை.

சந்தேகம் இருந்தால் செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. கிணற்றை மெதுவாக இறைத்துக்கொண்டே பி.எச். அளவைக் குறித்து வாருங்கள். சுற்றியுள்ள நீர் உள்ளே வர வர அளவு இறங்கும். பிறகு ஒரு நாள் அப்படியே விட்டுவிட்டு மறுபடி அளந்தால் பழைய உயரத்துக்கு ஏறியிருக்கும். நிலத்தடி நீரே அப்படி இருந்தால், இறைக்கும்போது இறங்குவதற்குக் காரணமே இல்லை. அந்தக் கிணற்றின் உலோக முடிவுகளையும் நம்பிவிடாதீர்கள். இவ்வளவு காரமான நீரில் சில உலோகங்கள் படிந்துவிடும். காரீயம், ஆர்சனிக் போன்றவை மண்ணிலிருந்து பிரிந்து நீருக்கு வரவும் கூடும். அங்கே அளக்கப்படுவது நிலத்தின் நீர் அன்று.

இரண்டாம் கிணற்றைப் பற்றி ஒரு கேள்வி. மாதிரி எடுத்தது பெய்லரிலா (கயிற்றில் இறக்கி நீர் மொள்ளும் குழாயிலா)? உலோகச் சோதனைக்கான போத்தல்களில் நைட்ரிக் அமிலம் முன்கூட்டியே ஊற்றப்பட்டிருந்ததா? வடிகட்டினீர்களா?

சாலாக்_களப்பணி

இரண்டு சுற்றுகளிலும் பெய்லர்தான், அக்கா. கிணற்றுக் கொள்ளளவைப் போல மூன்று மடங்கு இறைத்துக் கழித்துவிட்டு எடுத்தோம். போத்தல்களில் அமிலம் இருந்தது. வடிகட்டவில்லை. கலங்கல் அளவு 400 என்.டி.யு.வுக்கு மேல்.

ஆய்வுக்கூடத்து_அக்கா

அப்படியானால் அந்த எண்கள் சேற்றின் எண்கள். எங்கள் மேசைக்கு வரும்போது அப்படிப்பட்ட போத்தலின் அடியில் ஒரு விரல் உயரத்துக்குச் சாம்பல் நிற மண் படிந்திருக்கும்; மேலே நீர் கண்ணாடியாக இருக்கும். அமிலம் அந்த மண்ணிலிருந்து உலோகங்களைக் கரைத்துக்கொண்டே இருக்கும். மொத்த உலோகம் கேட்டிருப்பதால் நாங்கள் போத்தலைக் குலுக்கி, மண்ணையும் சேர்த்து அமிலத்தில் கரைத்துத்தான் அளப்போம். அது எங்கள் தவறு அல்ல, கேட்டதைச் செய்கிறோம். பெய்லர் எவ்வளவு வேகமாக விழுந்தது என்பதைப் பொறுத்து மண்ணின் அளவு மாறும். ஆகவே எண்களும் சுற்றுக்குச் சுற்று மாறும். ஆய்வுக்கூடத்தை மாற்றினால் இன்னொரு புதிய எண் கிடைக்கும், அவ்வளவுதான்.

இரண்டாம் கிணற்றுக்குப் பெய்லரை ஒதுக்கிவிட்டு, குறைவேக இறைப்பைக் கையாளுங்கள். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1996-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இன்றும் பயன்படுகிறது: நிமிடத்துக்கு 0.1 முதல் 0.5 லிட்டருக்குள் இறைக்க வேண்டும். கிணற்று நீர்மட்டம் 10 செ.மீட்டருக்கு மேல் இறங்கக்கூடாது. மூன்று முதல் ஐந்து நிமிட இடைவெளியில் பி.எச்., மின்கடத்துதிறன், கரைந்த ஆக்சிஜன், கலங்கல் ஆகியவற்றை அளந்து, அடுத்தடுத்த மூன்று அளவுகள் ஒத்துவந்த பிறகே போத்தலைத் திறக்க வேண்டும். பி.எச். 0.1-க்குள்ளும், மின்கடத்துதிறன் 3 விழுக்காட்டுக்குள்ளும் நிற்க வேண்டும். உலோகத்துக்கு இரண்டு போத்தல்கள் எடுங்கள். ஒன்று வடிகட்டாதது, மற்றொன்று 0.45 மைக்ரான் வடிகட்டி வழியாக, இறைப்புக் குழாயிலிருந்து நேராக.

பாகான்_நிலவியல்

பட்டர்வொர்த்திலிருந்து எழுதுகிறேன். அக்கா சொல்வதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் வடிகட்டுவதைப் பற்றி ஒரு மாறுபட்ட கருத்தைப் பதிவு செய்ய விரும்புகிறேன். நுண்ணிய கூழ்மத் துகள்களில் ஒட்டிக்கொண்டு காரீயமும் ஆர்சனிக்கும் நிலத்தடி நீரோடு உண்மையிலேயே நகர்கின்றன. வடிகட்டியவுடன் அந்தப் பங்கு காணாமல் போய்விடும். பினாங்கில் நான் பார்த்த அறிக்கைகள் சிலவற்றில், உலோகம் கூடுதலாக வந்த கிணறுகள் மட்டும் அடுத்த சுற்றில் வடிகட்டப்பட்டு ‘சரியாகி’ இருந்தன. வடிகட்டி என்பது வேண்டாத எண்ணைக் கழிக்கும் கருவியாகிவிட்டது. கிணற்றை ஒழுங்காக அமைத்து, மெதுவாக இறைத்து, கலங்கலை 10 என்.டி.யு. அளவுக்குக் கொண்டுவந்துவிட்டால் வடிகட்ட வேண்டிய தேவையே எழாது என்பது என் நிலைப்பாடு.

ஆய்வுக்கூடத்து_அக்கா

ஒழுங்கான கிணற்றுக்கு நீங்கள் சொல்வது பொருந்தும். மூன்று மூட்டை மணலில் நிற்கும் கிணற்றுக்கு 10 என்.டி.யு. கனவு. அதனால்தான் இரண்டு போத்தல்கள் என்றேன். இரண்டையும் அறிக்கையில் வைத்துவிட்டால் எதையும் மறைத்ததாகாது. இடைவெளி பெரிதாக இருந்தால் அந்த இடைவெளியே ஒரு தகவல்.

வடிகட்டுவதானால் உடனே வடிகட்ட வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நம் ஊர் நிலத்தடி நீர் பெரும்பாலும் ஆக்சிஜன் இல்லாதது. இரும்பு அதில் கரைந்த நிலையில் இருக்கும். வாளியில் பிடித்து அரை மணி நேரம் வெயிலில் வைத்தால் நீர் செம்மஞ்சளாக மாறுவதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். படியும் அந்த இரும்பு ஆர்சனிக்கையும் பிடித்து இழுத்துக்கொண்டு போகும். அதற்குப் பிறகு வடிகட்டினால் ஆர்சனிக் இல்லை என்று முடிவு வரும். முன்பு சேற்றால் எண் ஏறியது; இப்போது துருவால் இறங்கும். இரண்டும் பொய்.

பாகான்_நிலவியல்

துருவைப் பற்றிச் சொன்னது நியாயம்; இரண்டு போத்தல்கள் என்பதையும் ஏற்றுக்கொள்கிறேன். சேற்றில் நீர் ஊறும் வேகம் குறைவு என்பதால் 10 செ.மீ. வரம்பைக் காப்பது கடினம் என்பதையும் எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். எப்படியும் ஸ்கிரீன் வெளியே தெரியும் அளவுக்குக் கிணற்றை வறள விடாதீர்கள்.

முதல் கிணற்றைப் பற்றி யாரும் இன்னும் பேசவில்லை. சாலாக்_களப்பணி நண்பரே, நவம்பரிலும் ஜூலையிலும் அதன் நீர்மட்டம் எவ்வளவு?

சாலாக்_களப்பணி

தரையிலிருந்து நவம்பரில் 2.1 மீட்டர்; ஜூலையில் 3.6 மீட்டர்.

பாகான்_நிலவியல்

விடை அதிலேயே இருக்கிறது. பெட்ரோலும் டீசலும் நீரைவிட இலேசானவை. நீர்மட்டத்தின் மேல் படலமாக மிதக்கும். உங்கள் ஸ்கிரீன் 3 மீட்டரில்தான் தொடங்குகிறது. கிள்ளான் பள்ளத்தாக்கில் அக்டோபர், நவம்பர் மாதங்கள் மழை கூடிய காலம். அப்போது நீர்மட்டம் 2.1 மீட்டருக்கு ஏறியபோது, ஸ்கிரீன் முழுவதும் நீருக்குள் மூழ்கிவிட்டது. எண்ணெய்ப் படலம் இருந்திருந்தால் அது மூடிய குழாய்க்கு வெளியே, உள்ளே நுழைய வழியில்லாமல் நின்றிருக்கும். படலத்துக்குக் கீழே கரைந்த பென்சீனும் மேற்பரப்பை ஒட்டியே கூடுதலாக இருக்கும். 6 மீட்டர் நீள ஸ்கிரீனில் கீழிருந்து வரும் நல்ல நீர் அதை நீர்த்துப்போகச் செய்துவிடும். ஜூன், ஜூலை வறண்ட மாதங்கள். நீர்மட்டம் ஸ்கிரீனுக்குள் இறங்கியதும் வழி திறந்துகொண்டது. முதல் சுற்றில் பென்சீன் இல்லாமல் இல்லை. அதைப் பார்க்கும்படி கிணறு அமைக்கப்படவில்லை.

எரிபொருள் மாசுக்கான கிணற்றில் ஸ்கிரீன், நீர்மட்டத்தின் ஆண்டு முழுவதற்குமான ஏற்ற இறக்கத்தை உள்ளடக்க வேண்டும். உங்கள் இடத்தில் 1.5 மீட்டரிலிருந்து 4.5 மீட்டர் வரை 3 மீட்டர் ஸ்கிரீன் போதும். மேலே அடைப்புக்குக் கிடைக்கும் உயரம் குறைவு என்பதால் 30 செ.மீ. மணல், 60 செ.மீ. பெண்டோனைட், அதற்கு மேல் சிமெண்டு என்று அளந்து செய்ய வேண்டியிருக்கும்.

எங்கள் பக்கம் இதைவிடத் தொல்லை. பினாங்குக் கடற்கரை நிலங்களில் பெரிய ஏற்றவற்றத்தின்போது கடல் 2 மீட்டரளவு ஏறி இறங்கும். கரையோரக் கிணறுகளில் அதன் எதிரொலி சற்றுத் தாமதமாகவும் குறைவாகவும் தெரியும். காலையில் இரண்டு கிணறுகளை அளந்து, உணவுக்குப் போய்வந்து மற்ற இரண்டை அளந்தால் நீரோட்டத் திசையே தலைகீழாகிவிடும். வரைபடத்தில் கடல்நீர் நகருக்குள் ஓடுவது போல அம்புக்குறி போட்ட அறிக்கை ஒன்றைப் பார்த்திருக்கிறேன். யாரும் கேள்வி கேட்கவில்லை. கோலாலம்பூரில் கடல் இல்லை. ஆனால் மாலை இடிமழைக்கு முன்னும் பின்னும் அளந்த நீர்மட்டங்களைக் கலக்காமல் இருப்பது நல்லது.

அம்பாங்_மண்ணியல்

பி.எச். விவகாரத்தில் அக்காவின் விளக்கத்தை ஏற்றுக்கொள்கிறேன். முதல் கிணற்றில் மட்டும் இன்னொரு வாய்ப்பை விலக்கிவிட்டுப் பேசலாம். பணிமனை முற்றத்தில் இருக்கும் கிணறு தரைமட்ட மூடி உடையதாகத்தான் இருக்கும். வண்டிகள் ஏறி இறங்கி அந்த மூடியின் ரப்பர் வளையம் நசுங்கிப் போவதும், மழை பெய்தால் முற்றத்து எண்ணெய்த் தண்ணீர் மூடிக்குள் தேங்குவதும் வழக்கம். உள்ளே குழாய் வாயில் திருகி இறுக்கும் அடைப்பான் இல்லாவிட்டால் அது நேராகக் கிணற்றுக்குள் போகும். மற்றொன்று, ஜூலையில் மின்னியந்திரம் (ஜெனரேட்டர்) வைத்து வேலை செய்தீர்களா? அதன் புகை காற்று வாக்கில் போத்தல்களின் மேல் வந்தால் பென்சீன் கொஞ்சம் அங்கிருந்தும் ஏறும். தூய நீர் நிரப்பி, களத்தில் திறந்து மூடிய வெற்று மாதிரி ஒன்று இருந்தால் அது உடனே தெரிந்துவிடும்.

சாலாக்_களப்பணி

மின்னியந்திரம் இல்லை; பெய்லர் மட்டும்தான். வெற்று மாதிரியில் எதுவும் காணப்படவில்லை. மூடியைத் திறந்து பார்க்க நாளை போகிறேன். குறைவேக இறைப்புக்கான கருவியை வாடகைக்கு எடுக்கவும் மேலாளர் ஒப்புக்கொண்டுவிட்டார். பென்சீனுக்கான 40 மி.லி. போத்தல்களில் ஒரு சிக்கல். ஹைட்ரோகுளோரிக் அமிலம் இட்ட அந்தப் போத்தல்களில் நான்காம் கிணற்று நீரை நிரப்பும்போது சிறு குமிழிகள் எழுந்துகொண்டே இருந்தன. எத்தனை முறை நிரப்பினாலும் மூடிக்கடியில் ஒரு குமிழி நின்றது. என் கை பழகாததாலா?

ஆய்வுக்கூடத்து_அக்கா

உங்கள் கையில் குறையில்லை. சுண்ணாம்புப் பகுதி நீரில் பைகார்பனேட் மிகுதி. அமிலம் பட்டதும் கார்பன் டை ஆக்சைடு வெளிவருகிறது. அந்தக் குமிழிக்குள் பென்சீனும் ஆவியாகப் போய்ச் சேரும் என்பதால் அதை விட்டுவைக்கக்கூடாது. இப்படிப்பட்ட கிணறுகளுக்கு அமிலம் இல்லாத போத்தல்களைக் கேட்டு வாங்குங்கள். அமிலம் இட்டால் 14 நாள்கள் வரை வைத்திருக்கலாம். இடாவிட்டால் 7 நாள்களுக்குள் சோதித்தாக வேண்டும். சாலாக் செலாத்தானிலிருந்து எங்களைப் போன்ற ஆய்வுக்கூடங்களுக்கு ஒரு மணி நேரப் பயணம்தானே. 7 நாள் தாராளம். பனிக்கட்டிப் பெட்டியில் 4 பாகையளவில் வைத்துக் கொண்டுவாருங்கள். வண்டியின் பின்பக்கம் வெயிலில் கிடந்த பெட்டியைத் திறந்தால் வெந்நீர்ப் போத்தல்கள் இருக்கும் காட்சி எங்களுக்குப் புதிதல்ல.

குறைவேக இறைப்பில் நீர் மெல்ல வருவதால், தரைக்கு மேலே உள்ள குழாய் வெயிலில் சூடாகிவிடும். நீரிலிருந்து வாயுக் குமிழிகள் பிரியும். மேல்நீளத்தைக் குறைத்து, ஒரு குடையாவது பிடியுங்கள்.

கெப்போங்_துளைப்பாளர்

நல்ல கிணற்றிலிருந்து தொடங்கி, மோசமான கிணற்றில் முடியுங்கள். நான்கு, மூன்று, இரண்டு, கடைசியாக ஒன்று. குழாய்களைக் கிணற்றுக்குக் கிணறு புதிதாக மாற்றுங்கள். இறைத்துக் கழிக்கும் நீரை, குறிப்பாக முதல் கிணற்று நீரை, பக்கத்துக் கால்வாயில் ஊற்றிவிடாமல் பீப்பாயில் பிடித்து வைத்து, சோதனை முடிவைப் பார்த்த பிறகு 2005-ஆம் ஆண்டு அட்டவணையிடப்பட்ட கழிவு (சட்டம் பட்டியலிட்ட அபாயக் கழிவு) விதிமுறைகளின்படி செய்ய வேண்டியதைச் செய்யுங்கள்.

சாலாக்_களப்பணி

மூன்றாம் சுற்றின் முடிவுகள் வந்துவிட்டன. இழையைத் தொடர்ந்தவர்களுக்காக எழுதுகிறேன்.

மூன்றாம் கிணறு அக்கா சொன்னபடியே நடந்துகொண்டது. இறைக்கத் தொடங்கியபோது 11.5; ஒரு மணி நேரத்துக்குப் பிறகு 9.7, மறுநாள் காலையில் மூடியைத் திறந்து அளந்தபோது 11.3. சிமெண்டுதான் என்பதில் எங்கள் மேலாளருக்கும் இப்போது ஐயமில்லை.

முதல் கிணற்றின் மூடி வறண்டிருந்தது. அடைப்பானும் இறுக்கமாக இருந்தது. மேல்தண்ணீர் இறங்கியதற்கான அடையாளம் எதுவும் இல்லை. எண்ணெய்க்கும் நீருக்கும் இடைப்பட்ட எல்லையை அறியும் அளவியை இறக்கிப் பார்த்ததில் நீர்மட்டத்தின் மேல் 4 மி.மீ. படலம் இருந்தது. கரைந்த பென்சீனுக்கான மாதிரியை அங்கே எடுக்கவில்லை. படலம் உள்ள கிணற்றில் எண்ணெய்த் துளி கலந்துவிட்டால் எண்ணுக்குப் பொருளில்லை என்பதால், படலத்தின் கனத்தை மட்டும் பதிவு செய்தோம்.

இரண்டாம் கிணற்றில் நிமிடத்துக்கு 0.1 லிட்டர் வேகத்தில் இறைத்தும் நீர்மட்டம் இறங்கிக்கொண்டே இருந்தது; விட்டுவிட்டு இறைத்து, கலங்கலை 22 என்.டி.யு. வரை கொண்டுவர முடிந்தது. காரீயம் வடிகட்டிய போத்தலில் கண்டறியும் அளவுக்குக் கீழே, வடிகட்டாததில் மிகச் சிறிதளவு. ஆனால் ஆர்சனிக், வடிகட்டிய போத்தலிலும் லிட்டருக்கு 0.03 மில்லிகிராம் இருக்கிறது. மேட்டுப் பகுதியின் நான்காம் கிணற்றில் 0.02.

பாகான்_நிலவியல்

அந்த ஆர்சனிக்கைக் கிணற்றுக் கோளாறு என்று தள்ளிவிட முடியாது. குடிநீருக்கு உலகச் சுகாதார நிறுவனம் காட்டும் வழிகாட்டு அளவு 0.01, அதைவிடக் கூடுதல். ஈயத் தாதுவோடு ஆர்சனிக் உள்ள கனிமங்களும் சேர்ந்து வருவது இயல்பு என்பதால், பழைய சுரங்கக் கழிவு நிரம்பிய நிலத்தில் இது வியப்பில்லை. நிலத்துக்குள் நீர் நுழையும் மேற்புறத்திலுள்ள நான்காம் கிணற்றிலும் ஏறக்குறைய அதே அளவு இருப்பதால், பேருந்துப் பணிமனையை இதற்குப் பொறுப்பாக்க முடியாது. ஆனாலும் அறிக்கையில் இது இடம்பெற வேண்டும். வாங்குபவர் நாளைக்கு அங்கே கிணறு வெட்டிச் செடிக்குத் தண்ணீர் விட நினைக்கலாம். சுற்றுச்சூழல் துறை 2009-இல் வெளியிட்ட மாசடைந்த நில வழிகாட்டுதலின் முதல் தொகுதியிலுள்ள முதல்நிலைச் சோதனை அளவுகளோடு (மேலும் ஆராய வேண்டுமா என்று காட்டும் வரம்புகளோடு) ஒப்பிட்டு, இயற்கைப் பின்னணி எது, பணிமனையின் பங்கு எது என்று பிரித்து எழுதுங்கள். மேற்புறத்தில் ஒரே ஒரு கிணற்றை வைத்துப் பின்னணி என்று சொல்வதற்கு வலு போதாது, இன்னொன்றாவது வேண்டும்.

முதல் சுற்றின் ‘பென்சீன் இல்லை’ என்ற வரியை அட்டவணையிலிருந்து நீக்காதீர்கள். அதற்குப் பக்கத்திலேயே, அன்று ஸ்கிரீன் நீருக்குள் மூழ்கியிருந்தது என்று குறிப்பிடுங்கள்.

சாலாக்_களப்பணி

அப்படியே செய்கிறோம். முதல் கிணற்றுக்குப் பக்கத்தில் 1.5 மீட்டரிலிருந்து 4.5 மீட்டர் வரை ஸ்கிரீன் வைத்து ஒன்று, இரண்டாம் கிணற்றுக்கு மாற்றாக ஒன்று, மூன்றாம் கிணற்றுக்கு மாற்றாகப் பாறைக்கு மேலேயே நிற்கும்படி ஒன்று, மேட்டுப் பகுதியில் கூடுதலாக ஒன்று என நான்கு புதுக் கிணறுகளுக்கு உரிமையாளர் முனகிக்கொண்டே ஒப்புதல் கொடுத்துவிட்டார். பழைய மூன்றாம் கிணற்றை அப்படியே பூட்டி வைத்துவிடலாமா?

கெப்போங்_துளைப்பாளர்

வைக்கக்கூடாது. மேல்மண்ணிலிருந்து பாறை வெடிப்பு வரை நேர்வழியாக நிற்கும் குழாய் அது. பக்கத்தில் எண்ணெய்ப் படலமும் இருக்கிறது. பழைய குழாயைச் சுற்றிப் பெரிய துளை போட்டு, குழாய், மணல், இறுகிய சிமெண்டு எல்லாவற்றையும் அரைத்து எடுத்துவிட்டு, அடியிலிருந்து மேல்நோக்கிச் சிறு குழாய் வழியாகப் பெண்டோனைட் கலந்த சிமெண்டுக் குழம்பை ஏற்ற வேண்டும். 8 மீட்டர் வெற்றிடம் குழம்பை விழுங்காமல் இருக்க, முதலில் அந்த இடத்தைச் சரளைக்கல்லும் பெண்டோனைட் உருண்டைகளும் இட்டு அடைத்து, நாடாவால் அளந்து, அடைப்பு நிற்கிறது என்று உறுதியான பிறகே குழம்பு. மறுநாள் போய்ப் பாருங்கள். இறங்கியிருந்தால் மறுபடி நிரப்புங்கள்.

மாற்றுக் கிணற்றை அதற்கு ஓரடி தள்ளிப் போட்டுவிடாதீர்கள். அந்தச் சிமெண்டு மறுபடி உங்கள் பி.எச். அளவியில் வந்து நிற்கும். நிலத்தடி நீர் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் சில மீட்டர் விலகியிருக்கட்டும். புதுக் கிணறுகளில் குழாய்களைத் திருகிப் பொருத்துங்கள், பி.வி.சி. பசையைத் தொடவே கூடாது, அதிலுள்ள கரைப்பான்கள் ஆய்வுக்கூட அறிக்கையில் வந்துவிடும். பெண்டோனைட் ஊற நேரம் கொடுங்கள். சிமெண்டு இறுகக் குறைந்தது 24 மணி நேரம் விட்டு, பிறகு கிணற்றைத் தெளியவையுங்கள். அதற்குப் பிறகும் ஒரு வாரம் கழித்து மாதிரி எடுங்கள். மணல் மூட்டைகளை எண்ண நீங்களே பக்கத்தில் நில்லுங்கள், தம்பி. சொன்னதை எழுதிக்கொள்ளாமல், காலிச் சாக்குகளை எண்ணி எழுதுங்கள்.